பெரியப்பா வீட்டு ஓதம்

புதுச் சுவரைப் பழசாக்குவதுதான் என் பிழைப்பு. காந்திபுரத்தில் ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரிசல், துரு, கறை எல்லாம் வரைகிறேன். டீக்கடை முதலாளி ஒருவர், புதுக்கடைச் சுவரில் ஒட்டும் படம் நூறு வருஷத்துச் சுவர் போல இருக்க வேண்டும் என்றார். பழசு என்றால் இவர்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசை. அதில் குடியிருந்து பார்த்தால் தெரியும். எத்தனை விதமாகச் செய்து காட்டியும், "நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்குதுங்களே" என்று திருப்பி அனுப்பினார்.

எரிச்சலில், காரமடையில் எங்கள் வீட்டுச் சுவரையே செல்போனில் படம் எடுத்து டிசைனில் போட்டேன். தாத்தா கட்டிய வீடு. பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் அது. பெரியப்பா பக்கம் குளியலறை, எங்கள் பக்கம் அப்பாவின் கட்டில். அங்கே குழாய் எங்கேயோ கசிய, இங்கே ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை கொட்டுகிறது. அப்பாவுக்கு வீசிங். அந்தச் சுவர் ஓரம் படுக்கவே கூடாது என்கிறார் டாக்டர். எங்களுக்கு இருப்பதோ ஒரே அறை.

கசிவை அந்தப் பக்கம் உடைத்துத்தான் சரிசெய்ய முடியும். அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. நான் போய்க் கேட்டபோது, "உங்கப்பனை வந்து கேக்கச் சொல்லு அம்மணி" என்றார் பெரியப்பா. அப்பா போக மாட்டார். இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் நான் என்னதான் செய்வது?

டீக்கடைக்காரருக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுதானுங்க ஒரிஜினல். இந்த மூலையில மட்டும் கறையை எடுத்துப்போடுங்க, மெனு போர்டு வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் லேப்டாப்பை வைத்து அந்தக் கறையை அழித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து அப்பா எட்டிப் பார்த்தார். தன் தலைமாட்டுச் சுவரை உடனே கண்டுகொண்டார். திரையில் பிரஷ் போன இடமெல்லாம் சுவர் சுத்தமாகிக்கொண்டே வந்தது. இருமலை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர் கேட்டார்:

"இவ்வளவு சுளுவா கண்ணு?"

எனக்கு அழுகைதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா குளிக்கத் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.