கையில் ராணி, ஓடும் கடிகாரம்

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கை ஆடினால் வில்லை விரிசல் விடும். அதனால் உட்கார்ந்தால் கல் மாதிரி உட்காருவாள். விடுமுறை நாளில் போய்ச் சதுரங்கம் ஆடுவாள். அதிலும் விரைவு ஆட்டம். காயை நகர்த்தியதும் கடிகாரப் பொத்தானை அமுக்க வேண்டும். மறந்தால் எதிராளியின் நேரம் ஓடாது, நம்முடையதே கரையும். காய்களின் சங்கதி எனக்குப் புரியாது. இது மட்டும் நன்றாகப் புரியும்.

புரிய வைத்தவன் கோணவாயன். சிரித்தால் வாய் ஒரு பக்கம் போகும். போன வருஷம் ஊர் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில், காயை வைத்த கையோடு என் மகளுக்கு இருமல் வந்து பொத்தானை மறந்தாள். அவன் கன்னத்தில் கை வைத்து, யோசிக்கிறவன் போல நடித்தான். அவளும் நம்பினாள். நேரம் தீர்ந்தது, இடம் அவனுக்குப் போனது. அதுகூடப் போகட்டும். போகிற போக்கில் என்னிடம், "என்னம்மா, பொத்தானை அமுக்கணும்னு பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கலையா?" என்றானே, அதை ஆறவே விடவில்லை நான்.

இந்த வருஷமும் அதே ஒரு இடம்; கடைசி ஆட்டத்தில் எதிரே அதே கோணவாயன். என் மகளின் ராணியை வெட்டினான். வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் பார்க்கிறதா என்று திரும்பிச் சிரித்தான். பொத்தானை அமுக்கவில்லை.

என் மகள் மெல்லக் கன்னத்தில் கை வைத்தாள்.

பக்கத்தில் மாப்பிள்ளை நெளிந்தார். "பாவம் அத்தை, மறந்துட்டான்."

"அவனுக்கு உறைக்கிற மாதிரி நீங்க இருமினாக்கூட வீட்டுக்குள்ள விடமாட்டேன் மாப்பிள்ளை."

கோணவாயன் ராணியை உருட்டியபடி, "தோத்துட்டேன்னு சொல்லிடுங்களேன்க்கா" என்று முணுமுணுத்தான். அவள் நிமிரவே இல்லை. கடிகாரத்தில் அவன் பக்கத்து எண்கள் ஓடி ஓடி நின்றன. அப்புறம்தான் கையைத் தூக்கி நடுவரை அழைத்தாள். "சார், இவர் நேரம் முடிஞ்சிருச்சு."

அவன் முகம் செத்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

அவள் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் எழுந்து போனேன். "எங்க வீட்ல சொல்லிக் குடுத்துட்டோம் தம்பி. உங்க வீட்ல?"

இடம் இவளுக்கு வந்தது. ஜெயித்த விதம் சரியில்லை என்று மாப்பிள்ளை இன்னும் முனகுகிறார். முனகட்டும். கோணவாயன் வேலைக்குப் போகிற வழி எங்கள் மாடிக்குக் கீழேதான். மகளின் அணிச் சட்டையைத் தெருப்பக்கக் கொடியில் தினமும் காயப் போடுகிறேன். துவைக்காத நாளிலும்.