பட்டாணிக்கு வாங்கிய கம்பி

தோலோடு சமைக்கிற பட்டாணியை வீட்டுத் தோட்டத்தில் போட்டது என் புத்திசாலித்தனம். பந்தல் கட்டாமல் விட்டதும் அதே புத்திதான்.

நேற்றைய மழையில் கொடியெல்லாம் காயோடு மண்ணில் சாய்ந்துவிட்டது. இன்றைக்குத் தூக்கிக் கட்டாவிட்டால் அத்தனையும் அழுகிப்போகும். மாத்தளைக்குப் போய் ஒரு சுருள் கம்பி வாங்கிக்கொண்டு வீடு திரும்பப் பல்லேபொல பஸ்ஸில் ஏறினேன்.

கம்பியைக் கண்டாலே குண்டு என்று சந்தேகப்படுகிற யுத்த காலத்தில், கம்பியோடு ஒரு தமிழன் ஆமி செக்பொயின்டைத் தாண்டலாம் என்று நினைத்தேன் பாருங்கள்!

“எதுக்குக் கம்பி?” என்று ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டார்.

“பட்டாணி ஏறுறதுக்கு, மஹத்தயா.”

“பட்டாணி எப்பிடி ஏறும்?”

இரண்டு கையாலும் ஏறிக் காட்டினேன். பஸ்ஸே இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

பின்னால் நின்ற அக்கா ஒருவர், “பட்டாணி ஏறுறது இருக்கட்டும், நாங்க எப்பங்க பஸ் ஏறுறது?” என்றார்.

கடைசியில் என்னை விட்டார்கள். கம்பியை விடவில்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், கொடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து மனைவி கட்டியிருக்கிறாள்.

“ஒங்கள நம்பிக்கிட்டு இருந்தா மண்ணுதாங்க மிஞ்சும்.”

தட்டையாக இருந்த காய்களைப் பறித்து வதக்கியும் வைத்துவிட்டாள். ருசிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் காயப்போடக் கயிறில்லாமல், வேலைக்குப் போடும் என் ஒரே காற்சட்டை வாளியில் ஈரமாகக் கிடக்கிறது. நாளைக் காலை அதைப் போட்டுக்கொண்டுதான் அதே செக்பொயின்டில் நிற்க வேண்டும்.

ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டால், மறுபடியும் பட்டாணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேறு நல்ல பதில் யாரிடமாவது இருந்தால் விடிவதற்குள் சொல்லுங்கள்.