ஜெயித்த குதிரையின் துண்டு

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, குதிரை என்றால் உயிர். மனிதர்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான் என்று அம்மா சொல்வாள். கடம்பூருக்குக் கிழக்கே எங்கள் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போட்டு, அதில் வருவதைக் கொள்ளாகவும் புல்லாகவும் மாற்றிச் செவலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். செவலை பந்தயக் குதிரை. மாதா கோவில் திருவிழாவோ அம்மன் கோவில் கொடையோ, எங்கே குதிரைவண்டிப் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினாலும் மாமா அங்கே நிற்பார். செவலை மூன்றாவதாக வரும். ஓடியதே மூன்று வண்டிதான் என்றாலும் மூன்றாவதாகத்தான் வரும். நிதானமான குதிரை என்பார் மாமா.

பந்தயக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்த குதிரையின் வாய் நுரையை அதன் சொந்தக்காரர் ஒரு துண்டால் துடைப்பார். தோற்றவர்கள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கித் தங்கள் குதிரைகளின் முகத்தைத் துடைப்பார்கள். ஜெயித்ததன் வேகம் இதற்கும் ஒட்டிக்கொள்ளுமாம். சாமி வேறு, கட்சி வேறு என்றிருப்பவர்கள்கூட இந்தத் துண்டு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, விளாத்திகுளம் பக்கத்துப் பந்தயம் ஒன்றில் மாமாவும் அப்படி ஒரு துண்டை வாங்கினார். தமக்குத்தான் தேவை அதிகம் என்று நினைத்தாரோ என்னவோ, மூக்குத் துவாரம்வரை விட்டுத் துடைத்தார்.

ஒட்டிக்கொண்டது என்னவோ உண்மை. வேகம்தான் இல்லை. அடுத்த வாரமே செவலைக்குக் காய்ச்சல். கொள்ளை மோந்துகூடப் பார்க்கவில்லை. மூக்கில் மஞ்சளாகச் சளி ஒழுகியது. தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. மாமா மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு, வீக்கம் பெரிதானதும் கால்நடை டாக்டரம்மாவை வரச்சொன்னார். கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். எந்த முரட்டு மாட்டுக்கும் அஞ்சாதவர். அன்று தொழுவத்து வாசலிலேயே நின்று, கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே போனார். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

இரண்டு நோய்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒன்று, குதிரைகளுக்குள் பரவுவது. கட்டி பழுத்து உடைந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று கிளாண்டர்ஸ். அது குதிரையைத் தொட்டுப் பழகும் மனிதர்களுக்கும் சில நேரம் ஒட்டும். ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. அதுதான் என்று உறுதியாகிவிட்டால் குதிரைக்கு வைத்தியம் கிடையாது. ஊசி போட்டுப் புதைத்துவிட வேண்டும், சட்டம் அப்படி. ரத்தம் எடுத்து வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை வேறு மிருகமோ பிள்ளைகளோ கிட்டே வரக் கூடாது, கவனிக்கிற ஒருவரும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்றார். மாமாவின் உள்ளங்கையில் கடிவாள வார் அறுத்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குதிரை விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

வேறு குதிரைகளோடு பழகியதா என்று கேட்டபோதுதான் துண்டு விஷயம் வெளியே வந்தது. டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, அந்த ஜெயித்த குதிரைக்கு என்ன சீக்கு இருந்தது என்று கேட்டுச் சொன்னால் நல்லது என்றார்.

கேட்பது அவ்வளவு லேசில்லை. சீக்குக் குதிரையை ஓட்டினான் என்று பெயர் வந்தால் அப்புறம் அவனை எந்த ஊரிலும் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். கேட்கிறவன் குதிரைக்கும் அதே பெயர்தான். அதனால் பந்தயக்காரர்கள் இதையெல்லாம் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஜெயித்த குதிரையின் சொந்தக்காரரான விளாத்திகுளத்துக்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, என் செவலைக்கு மூக்கு ஒழுகுது. தாடையில கட்டி. நான் சண்டைக்கு வரல. உங்க குதிரைக்கும் இப்பிடி இருந்துச்சா, அத மட்டும் மறைக்காம சொல்லுங்க.”

மறுமுனையில் முதலில் வசவுதான் கேட்டது. மாமா பதிலுக்குக் கத்தவில்லை. மனுசருக்கும் ஒட்டக்கூடிய சீக்காக இருக்கலாமாம், உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றார். அதற்குப் பிறகு அங்கே குரல் இறங்கிவிட்டது. போன மாதம் அந்தக் குதிரைக்கும் கட்டி வந்து, உடைந்து, ஆறியதாம். வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டாராம். மறுநாளே அவர் தம் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லி ரத்தம் எடுக்கவைத்தார். துண்டு வாங்கிய மற்றவர்களுக்கும் அவரே போன் போட்டார். கட்டி உடைந்து பிழைத்த குதிரை என்றதும் டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் ரிசல்ட் வரட்டும் என்றுவிட்டார்.

டாக்டரம்மாவின் சம்மதத்தோடு மாமா செவலையை ஊருக்கு வெளியே, பருத்தி போட்டுவைக்கிற தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தாமும் அங்கேயே தங்கிவிட்டார். அம்மா சோற்றுத் தூக்கை ஓடைக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டுத் திரும்புவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டிலிருந்த போளியை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“ஏட்டி, அங்கனயே நில்லு. கிட்ட வந்த, காலை ஒடிச்சிருவேன்.”

விளையாட்டு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நடந்தேன். கரிசல் மண்கட்டி ஒன்று என் முன்னால் விழுந்து சிதறியது. பின்னாலேயே இன்னொன்று. போளியை அங்கேயே போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடிவந்தேன். சீக்குக் குதிரைக்குப் பக்கத்தில் படுக்கிறவருக்கு என்னைக் கண்டால் மட்டும் ஆகவில்லை என்றால், அம்மா சொன்னது சரிதானே. இனி இவரோடு பேச்சே கிடையாது என்று முடிவெடுத்தேன்.

செவலையின் கட்டி பழுத்து உடைந்தது. ஒரு காலை, கொள்ளைத் தானாகவே தின்றது. அதற்குப் பிறகு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். செவலைக்கும் கிளாண்டர்ஸ் இல்லை, விளாத்திகுளத்துக் குதிரைக்கும் இல்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் நின்று தேம்பினாள். கட்டி ஆறிய பிறகும் சில வாரம் செவலையைத் தனியாகவே வைக்க வேண்டும், தண்ணீர் வாளியைக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதற்கடுத்த பந்தயத்தில் ஆளாளுக்கு ஒரு துண்டும் வாளியும் கொண்டுவந்தார்கள். செவலை மூன்றாவதாக வந்தது.

நான் சொல்ல வந்தது அந்தப் பந்தயத்துக்கு முன்பு, மாமா வீடு திரும்பிய நாளைப் பற்றி. குளித்து, சட்டை மாற்றி, மெலிந்துபோய் வந்து நின்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

“பேச மாட்டியாட்டி?”

“குதிரைகிட்டயே போய்ப் பேசுங்க.”

மாமா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிகிற அளவுக்குச் சிரித்தார். என்னைக் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் இரட்டிப்பானது.

நான் போளி கொண்டுபோன அன்று காலையிலிருந்தே அவருக்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது. தமக்கும் ஒட்டிவிட்டது என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அது சாதாரணக் காய்ச்சல்தான், வந்த வழியே போய்விட்டது. ஆனால் அந்த மண்கட்டிகளை எறிந்தபோது அவருக்கு அது தெரியாது. என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். சுவரைப் பார்த்து நின்ற அந்தப் பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. தும்மல்கூட இல்லாமல் முழுசாக நின்று ஒருத்தி தம்மிடம் கோபித்துக்கொள்வதைப் பார்க்கத்தான் மாமா கொட்டகையில் அத்தனை நாள் கிடந்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் அவள் அவரோடு பேசவே இல்லை.