கால்மணி நேர வாத்தியார்

எங்கள் பகுதியில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "சாரைக் கூப்பிடு" என்பார்கள். பீரோக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் சார்தான். புதிதாகக் குடிவந்தவர்கள், யாரோ ரிட்டயரான வாத்தியார் பொழுது போகாமல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வதுண்டு. நல்ல கதை. சார் ஆயுசில் வாத்தியாராக நின்றது ஒரே ஒரு தடவை, அதுவும் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் அவர் பட்டது நாய் படாத பாடு.

அப்போது அவர் 'அவர்' ஆகியிருக்கவில்லை. இருபது வயசு 'அவன்'. பத்தாம் வகுப்பை அவன் முடித்த கையோடு, பெயிண்டர் வேலை பார்த்த அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கப் போனார்கள். இவன் கண்ணாடிக் கடைக்குப் போனான்.

வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். வெட்டும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக் கண்ணாடியின் மேல் ஒரே இழுப்பு, கீச்சென்று ஒரு சத்தம். மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு, டக்கென்று இரண்டாகும். ஒரு நாள் தெறித்த சில்லு மேலுதட்டைக் கிழித்தது. தழும்பை மறைக்க மீசை வளர்த்தான். மீசை, பாவம், வயசுக்கு மீறி நன்றாகவே வளர்ந்துவிட்டது.

மீசை வந்ததும் மரியாதையும் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் "அண்ணே" என்றார்கள். தெருவில் பழைய பள்ளிக்கூடத் தோழர்களைப் பார்த்தால் முதல் வருஷம், "எப்படிடா இருக்க?" என்பார்கள். இரண்டாம் வருஷம் 'டா' உதிர்ந்தது. மூன்றாம் வருஷம் ஒருவன், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போனான். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

படிக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது பெரிய உத்தியோகத்துக்காக இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவன் மாதிரி உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா தேறி எழுந்து உட்கார்ந்ததும், பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும் நடத்தும் ஒரு ஜூனியர் காலேஜில் இடம் வாங்கினான். முதல் நாள் கேட் வரைக்கும் போனான். உள்ளே பசங்களும் பெண்களும் கும்பல் கும்பலாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அப்படியே திரும்பிக் கடைக்கு வந்துவிட்டான். வீட்டில், "எடம் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு புளுகு.

புளுகு ஒரு வருஷம் தாங்கியது. அவனுடைய அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பெட்டியின் சூட்டைச் சகித்துக்கொள்கிறவள்தான், ஆனால் பொய்யைச் சகிப்பாளா? மறு வருஷம் தானே காலேஜுக்குப் போய் விசாரித்தாள். ஆபீஸில் இருந்தவர், "போன வருஷமே எடம் குடுத்தோமே, ஆளு வரலையே" என்றார். அக்கா வந்து சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தாள். அதற்குச் சண்டையே தேவலை. பிறகு ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"இந்த வருஷமும் எடம் தரேன்னுட்டாங்க. மொத நாளு நீ ஆஜர் ஆகலன்னா அடுத்து நிக்கிற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். அடுத்த வருஷம் உனக்கு வயசு தாண்டிடும். இதோட சரி. போறதும் போகாததும் உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று அக்கா சொன்னால் அது யார் இஷ்டம் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் காலை, வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "கசங்கின சட்டையோட நீ போனா என் தொழிலுக்கே கேவலம்." முழுக்கை, மடிப்புக் கலையாத பேண்ட், துடைத்த கறுப்பு ஷூ. பைக்குள் தன் டிபன் டப்பாவை வைத்தாள். "டப்பா பத்திரம். மூடி தொலைஞ்சா கொன்னுடுவேன்." காலேஜில் முதல் வாரம் சீருடை கிடையாது. வினை அங்கேதான் இருந்தது.

கேட்டை இந்த முறை தாண்டிவிட்டான். ஆனால் மாடி ஏறியவனுக்கு வகுப்புக்குள் போகக் கால் வரவில்லை. குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தான். மணி அடித்தது. வராந்தா காலியானது. இனிமேலும் நின்றால் யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில், உள்ளே போகிற பயத்தை விழுங்கிக்கொண்டு கதவைத் தள்ளினான்.

அறுபது பேர் இருக்கும். தடதடவென்று எழுந்தார்கள்.

"வணக்க்க்கம் சார்."

எந்த சார் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. அந்த ஒரு நொடியில், "ஐயோ, நானும் உங்கள மாதிரிதான்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. சிரித்திருப்பார்கள், போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது பிரிந்தபோது வெளியே வந்தது வேறு.

"உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்துவிட்டார்கள். உட்காரச் சொன்னவன் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார முடியுமா? புலி வாலைப் பிடித்தாகிவிட்டது. பிடித்துக்கொண்டே நடந்து மேடையில் ஏறினான். பையை மேஜையில் வைத்தான். முதுகில் அக்காவின் இஸ்திரி முழுக்க நனைந்து ஒட்டியது.

அவர்களும் பயந்திருந்தார்கள், அது தெரிந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. அங்கே எல்லாருமே புதுசு. யாருக்கும் யாரையும் தெரியாததால்தான் இவ்வளவு கூத்தும். ஆனால் அவர்கள் பயந்தது அவனைப் பார்த்து. அதை நினைத்ததும் அவனுக்கு இன்னும் பயம் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டு வைத்தான்.

"தெரியல சார்" என்று ஒரு குரல்.

நியாயமான பதில். இரண்டாவது பெஞ்சில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையன் எழுந்தான். பிற்பாடு அவனுக்குப் பேரே பென்சில் ஆனது. "சார், நீங்க எங்களுக்கு என்ன பாடம் சார்?"

"அது... போகப் போகத் தெரியும்."

சும்மா நிற்க முடியாமல் சாக்பீஸை எடுத்தான். போர்டுப் பக்கம் திரும்பினால் முகத்தையாவது மறைக்கலாம். கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. போர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டான். திரும்பிப் பார்த்தால், அறுபது பேரும் நோட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைப்பு ஏதாவது உண்டா என்று கேட்கிற மாதிரி பென்சில் நிமிர்ந்து பார்த்தான். அடப்பாவமே என்று இருந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. சின்ன உருவமாக ஒரு டீச்சர், கையில் அட்டெண்டன்ஸ். மேடையில் நிற்கும் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்தது.

"சாரி சார், மன்னிச்சுக்குங்க. இன்னிக்குத்தான் நான் வேலையில சேர்ந்தேன். இது என் கிளாஸ்னு நெனச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? ஆனால் அந்தம்மாவை அப்படி அனுப்பவும் அவனுக்கு மனசு வரவில்லை. "இல்ல மேடம், நீங்க வாங்க. எனக்குத்தான் எடம் மாறிப் போச்சு" என்றான். மேடையை விட்டு இறங்கினான். வகுப்பு மறுபடி எழுந்து நின்றது. "நன்றி சார்." கோட்டுக்கு நன்றி போலிருக்கிறது. நிதானமாக நடந்து வெளியே போனான். கதவு மூடியதும் ஓடினான்.

கேட்டில் வாட்ச்மேன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "என்ன சார், அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். உள்ளே வருவதற்குத்தான் அத்தனை பாடு. வெளியே போவதற்கு ஒருத்தரும் தடை சொல்லவில்லை. கடைக்குப் போய்விடலாம். முதலாளி ஒன்றும் கேட்க மாட்டார். "வந்துட்டியாப்பா, அந்த ஆறுக்கு மூணு கண்ணாடிய எடுத்து வை" என்பார், அவ்வளவுதான். செத்தாலும் இனிமேல் அந்த மாடிப் படியில் கால் வைப்பதில்லை.

ஒரு காலைத் தெருவில் வைத்தான். தோள் லேசாக இருந்தது. பை.

பை மேஜை மேல் இருந்தது. அதற்குள் அக்காவின் டப்பா.

இடத்தை விட்டுவிட்டு வந்தேன் என்றுகூட அக்காவிடம் சொல்லிவிடலாம். டப்பாவை விட்டுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சிரிக்காதீர்கள். பெரிய பயத்தை விடச் சின்ன பயம்தான் ஆளைப் பிடித்து இழுக்கும். அவன் திரும்பினான்.

படி ஏறும்போதே வழியும் தோன்றியது. ரொம்ப சுலபம். கதவைத் தட்டி, "மேடம், பைய மறந்துட்டேன்" என்றால் போதும். அந்தம்மாவே இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார். வகுப்பு மூன்றாவது தடவை எழுந்து நிற்கும். வாங்கிக்கொண்டு கௌரவமாகப் போய்விடலாம். சொல்லிப் பார்த்துக்கொண்டே கதவருகில் வந்தான்.

உள்ளே அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர், "உள்ளேன் அம்மா." பெயர், "உள்ளேன் அம்மா." ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாக நடுங்கியது. தட்டுவதற்குக் கையை ஓங்கியவன் அப்படியே நின்றான்.

டீச்சர் அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்.

பதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பெயருக்கு உரியவன் யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்த முழுப் பெயரை வாய்விட்டு யாரும் கூப்பிட்டு நாலு வருஷமாயிற்று.

"வரலையா? அப்ப ஆப்சென்ட் போட்டுடறேன்."

பேனா மூடியைத் திறந்த சத்தம் கேட்டது. இப்போது வாயைத் திறந்தால் அறுபது பேரும் சிரிப்பார்கள், ரெண்டு வருஷத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். திறக்காவிட்டால் இடம் போய்விடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கதவைத் தள்ளினான். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னான்.

"உள்ளேன் அம்மா."

பேனா அந்தரத்தில் நின்றது. "சார்?" என்றார் டீச்சர்.

"சார் இல்ல மேடம். அந்தப் பேரு நான்தான். படிக்கத்தான் வந்தேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க... எனக்குப் பயமாயிடுச்சு."

கடைசி பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்தது. வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரித்தார்கள். காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் உங்ககிட்ட மன்னிப்பெல்லாம் கேட்டேனே" என்றவர், அடக்க முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். "உள்ள வாங்க. வா. உள்ள வாப்பா."

பையை எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்தான். இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். சிரித்தவர்கள் அவன் பக்கத்தில் வந்ததும் அடங்கினார்கள். சிலர் பாதி எழுந்து, எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பைகளை ஒதுக்கினார்கள், காலை மடக்கினார்கள். ஆனால், "இங்க வா" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மீசை உள்ளவனை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு வருஷமும் இப்படித்தான் போகும் என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டாவது பெஞ்சில் பென்சில் நோட்டைத் தூக்கிக் காட்டினான். கோடு இருந்தது.

"ஏன்டா டேய், இத நான் ஸ்கேல் வச்சுப் போட்டேன்டா. இப்ப அழிக்கணுமா, வேண்டாமா?" பக்கத்தில் நகர்ந்தான். "உக்காருடா."

உட்கார்ந்தான். கண்ணீர் கண்ணை மறைத்தது. சட்டென்று குனிந்து, டப்பாவைத் தேடுகிற மாதிரி பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். மூடி இருந்தது. அவன் கால் நடுங்கியதில் பெஞ்சே ஆடியது. அடக்கிப் பார்த்தான். அடக்கிய பிறகும் பெஞ்ச் ஆடிக்கொண்டிருந்தது. குனிந்த வாக்கில் பார்த்தால், ஆடியது பென்சிலின் கால்.

"எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது" என்று பென்சில் மெல்லிய குரலில் சொன்னான். "உனக்கு யாரையாவது தெரியுமாடா?"

"தெரியாது" என்றான் அவன். அந்த எழுத்தை நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். நாலு வருஷமாகச் சொல்லாதது. வருமோ வராதோ என்று அதற்கும் பயமாகத்தான் இருந்தது.

"தெரியாதுடா" என்றான்.