நம்மாளு

எங்கள் முதலாளிக்குப் பிடித்த சொல் ‘நம்மாளு’. கிள்ளானில் கன்டேனர் லோரி கம்பெனி வைத்திருந்தார். நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜர் வரை வந்தவன். எந்த லோரி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எந்த டிரைவருக்கு முதுகுவலி, எந்தக் கஸ்டமர் காலையிலேயே போன் போட்டுக் கத்துவான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கோலாலம்பூருக்கு வேலையாகப் போகும் நாட்களில் முதலாளி என்னை பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவார். இலை விழுந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

“சீனன் சீனனுக்குச் செய்றான். மலாய்க்காரன் மலாய்க்காரனுக்குச் செய்றான். நம்மாளுக்கு நம்மதானேடா செய்யணும்?”

ரசம் வருவதற்குள் சமுதாயம் பாதி முன்னேறிவிடும். கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அப்போது நான் அதைக் கேட்டு உருகிப்போயிருக்கிறேன். நம்மாளு என்றால் தமிழன் என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் என்ன தோன்றும்?

பூச்சோங்கில் லோரிகள் நிறுத்தப் புது யார்டு திறக்கப்போவதாக ஒருநாள் சொன்னார். “அதை நீ நடத்து. நம்ம ரெண்டு பேரும் கொங்சி, கூட்டாளிங்க. உன் பேரையும் கம்பெனில போட்டுருவோம். கடைசி வரைக்கும் சம்பளக்காரனாவே இருந்துடக் கூடாதுடா நம்மாளு.” அன்று மாலை கொம்யூட்டர் ரயிலில் ரவாங் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரவாங் முழுக்கச் சொன்னாள்.

இங்கே என் அப்பாவின் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த குடும்பம். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள்; எங்களுடையது ஆற்றோரத்துக் கடைசி லயம். தோட்டத்தில் மேல் லயம், கடைசி லயம் என்றால் அது வெறும் இடக் கணக்கு இல்லை, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதன் கணக்கு. என் தாத்தா என்ன நினைத்தாரோ, தன் மகனுக்கு மேல் லயத்துக் கங்காணியின் பெயரையே வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் கங்காணி தாத்தாவைக் கூப்பிட்டு அறைந்தாராம். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் எழுதியாகிவிட்டது. அதனால் தோட்டத்தில் அப்பாவைக் கூப்பிடுவதற்கு இரண்டு எழுத்தில் வேறொரு பெயர் வைத்தார்கள். நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போன்ற பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

என் அடையாள அட்டையில் மட்டும் என் பெயருக்குப் பின்னால் அந்தக் கங்காணிப் பெயர் கம்பீரமாக நின்றது. எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால், “ரவாங்னு சொல்லு, போதும்” என்பார் அப்பா. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். முதலாளியும் அந்தப் பெயரைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

யார்டு வேலை பாதி முடிந்திருந்தபோது அப்பா இறந்தார். முதலாளி பெரிய மாலையோடு வந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா பெட்டியில் கிடக்கும்போது என்ன பெருமை என்று கேட்கலாம்; இருந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கிழவிகள் அந்த இரண்டெழுத்துப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர்களுக்கு அப்பாவை அந்தப் பெயரில்தான் தெரியும்.

“அப்பா பேரு இது இல்லையே?” என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டாள். “கங்காணி பேரை நாங்க எப்படிய்யா வாயால சொல்றது? கடைசி லயத்து ஆளுங்களாச்சே. அதான் இப்படிக் கூப்பிட்டாங்க.” அவள் கள்ளங்கபடம் இல்லாமல்தான் சொன்னாள்.

முதலாளியின் தாத்தாவும் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. வாழை இலைக்கு முன்னால் அவரே எத்தனையோ முறை பெருமையாகச் சொன்ன விஷயம். கடைசி லயம் என்றால் அவருக்கு விளக்கம் தேவையில்லை. தலையை ஆட்டினார். அம்மா கொடுத்துவிட்ட தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கி, திறக்காமலே நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். சாவு வீட்டில் பலர் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கருமக்கிரியை முடிந்து வேலைக்குப் போன அன்று தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“உங்காளுங்கள்ல நல்ல டிரைவர் யாரும் இருந்தா சொல்லு.”

முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே சொல். சாதியின் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை, சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து சீன தவுக்கே, பெரிய முதலாளி யாராவது வந்தால் என் தோளில் கைபோட்டு, “எல்லாம் நம்மாளு பாத்துக்குவான்” என்று சிரிப்பார். கதவைச் சாத்திவிட்டால் நான் உங்காளு. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாடு நின்றுபோனது. கேட்டால் வயிறு சரியில்லை என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் எங்கள் ஆபீசையே சரியாகப் பார்த்தேன். லோரி ஓட்டுகிறவர்கள், டயர் மாற்றுகிறவர்கள் எல்லாரும் யார் பிள்ளைகள்? கையெழுத்துப் போடுகிறவர்கள் யார் பிள்ளைகள்? தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி கட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. மேல் லயமும் கடைசி லயமும் மட்டும் அப்படியே எழுந்து கிள்ளானுக்கு வந்து ஏர்கானில் உட்கார்ந்திருந்தன. நான் ஒருவன்தான் பெயர் மாறிப்போனதால் தவறிப்போய் மேல் லயத்துக்குள் நுழைந்திருந்தேன்.

யார்டை நடத்த அவருடைய மனைவியின் அக்கா மகன் வந்தான். லோரிக்கும் டிரெய்லருக்கும் வித்தியாசம் தெரியாத பையன். “படிச்ச பையன், கொஞ்சம் சொல்லிக்குடு” என்றார் முதலாளி. கொங்சி என்ன ஆனது என்று கேட்டேன். “இப்ப டைம் சரியில்லை லா. பாப்போம்.” வேலையை விட்டுவிடலாம் என்று தினமும் தோன்றியது. வீட்டுக் கடன் இருந்தது. கிள்ளானில் நம்மாளு நடத்தும் மற்ற லோரி கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அவருக்கு மாமன் மச்சான். புகார் செய்யலாம் என்றால், என்னவென்று செய்வது? தண்ணீர் குடிக்கவில்லை என்றா? ஒரு சொல்லை மாற்றிப் பேசினார் என்றா?

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அப்பா போனபின் அவள் பேசுவதற்கு இருந்த ஒரே சந்தோஷமான விஷயம் அந்த யார்டுதான்.

திறப்பு விழா அன்று அம்மா ஒரு டப்பா நிறைய கேசரி கிண்டிக் கொடுத்தாள். “உன் மொதலாளிக்கு என் கையால செஞ்சதுன்னு சொல்லு.” பூஜை முடிந்ததும் கொண்டுபோய் வைத்தேன். “ஐயோ, சீனி தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி” என்றார். சொல்லிக்கொண்டே பூஜைத் தட்டிலிருந்த லட்டை எடுத்துப் பாதி கடித்தார். பிறகு மைக் பிடித்தார். நம்மாளுங்க தொழிலில் முன்னுக்கு வர வேண்டும், நம்மாளுக்கு நம்மதான் கைகொடுக்க வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் நின்ற நானும் தட்டினேன்.

டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குப்பையில் கொட்ட மனம் வரவில்லை, அம்மா முந்திரி வறுத்துப் போட்டிருந்தாள். காரை ஓரமாக நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து முழுவதையும் நானே தின்றேன். பாதிக்கு மேல் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன்.

வீட்டில் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்தபடி, அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக முகம் மலரச் சிரித்தாள்.

“நான்தான் சொன்னேன்ல? என்ன இருந்தாலும் அவரு நம்மாளுடா.”