சின்னப்பொண்ணு பாறை ஏறுவதற்குள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கல்வராயன் மலையில், ஒரு பாறையைப் பார்த்து நாங்கள் மூன்று பேர் கத்திக்கொண்டிருந்தோம்.

"சீக்கிரம் ஏறுங்கக்கா!"

"ஓடுங்க அண்ணி, ஓடுங்க!"

மூன்றாவதாகக் கத்தியவன் நான். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கவிதையாக இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பாறையில் ஏறிக்கொண்டிருந்தவர் சின்னப்பொண்ணு. ஐம்பதை நெருங்கும் வயது. அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. சேலையை இடுப்பில் தூக்கிச் செருகி, கையில் ஒரு பட்டன் போனை இறுக்கிப் பிடித்து, மூச்சிரைக்க ஓடினார். துரத்தியது எது? கரடியா? காட்டுப்பன்றியா? இல்லை... முந்தின நாள் ஒரு கம்ப்யூட்டருக்குள் நான் பொருத்திவைத்த, சீட்டுக்கட்டில் பாதி கனம்கூட இல்லாத ஒரு சின்னப் பெட்டி!

எல்லாம் என் லேப்டாப்பில் ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டில், காலையில் அதன் பட்டனை அழுத்திவிட்டு நான் பல் துலக்கப் போவேன். வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். காபி போட்டுக்கொண்டு வருவேன். நீலமாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பேப்பரை விரிப்பேன். வட்டம் சுற்றும். "அது எழுந்திரிக்கறதுக்குள்ள நீங்க நாலு பத்தி கையாலயே எழுதியிருக்கலாம்" என்பார் என் மனைவி. எழுதியிருக்கலாம்தான். ஆனால் வட்டம் சுற்றும்போது அதைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, நாடி பிடிப்பதுபோல் விரலை வைத்துப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தான் கீது சார். உள்ள ஹார்டு டிஸ்க்குதான் தேஞ்சு போய்க்கினு இருக்குது. எஸ்எஸ்டி போட்டுக்கினீங்கன்னா, பட்டன அமுக்குன வெரல எடுக்கறதுக்குள்ள வந்து நிக்கும்."

பழைய டிஸ்க்கில் ஒரு தட்டு சுற்றுமாம். அதன் மேல் ஒரு முள் அலைந்து அலைந்து, வேண்டியதைத் தேடிப் பொறுக்கி எடுத்து வருமாம். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் ஒன்றுமில்லை, அலைவதற்கும் ஒன்றுமில்லை. கேட்டால் உடனே கையில் கொடுக்கும். அலைச்சலே இல்லாத ஒரு பிறவி! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சொன்னது உண்மை. பட்டன்... திரை... அவ்வளவுதான்.

புதிதாக யோகா கற்றுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எதிரே வருபவரை எல்லாம் நிறுத்தி மூச்சை இழுக்கச் சொல்வார்களே... அடுத்த ஒரு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். பால்காரரிடம் எஸ்எஸ்டி பற்றிப் பேசினேன். முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பேசினேன். சங்கராபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நின்றவரை நிறுத்திவைத்துப் பேசினேன். இலைக்கு வந்த சாம்பார் ஆறிப்போயிருந்தது.

அப்படி வேகம் தலைக்கேறியிருந்த நேரத்தில்தான் குமரேசன் ஞாபகம் வந்தது.

குமரேசன் என் நண்பன். வெள்ளிமலையைத் தாண்டி, உள்ளே தள்ளி ஒரு மலைக் கிராமத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். சுற்றுப்பட்டுக் குக்கிராமங்களுக்கெல்லாம் சான்றிதழ், பட்டா, பென்ஷன் மனு என்று சகலமும் அங்கேதான். கம்ப்யூட்டர், சின்னசேலத்தில் ஓர் அரிசி மில் ஆபீசிலிருந்து செகண்ட்ஹேண்டாக வாங்கியது. அது விழித்துக்கொள்ளும் அழகைப் பார்க்கவேண்டுமே... ஒரு முனகல். ஒரு இருமல். ஃபேன் சுற்றும் சத்தம். பிறகு நீண்ட யோசனை.

அவனுக்கென்று இன்னொரு எஸ்எஸ்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை மலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்று மெலிந்து குளிர்ந்தது. வெயில் மரங்களுக்கிடையே விட்டுவிட்டு வந்தது. என் சட்டைப் பையில் ஒரு மின்னல் உட்கார்ந்திருப்பது பக்கத்து சீட்டில் பலாப்பழத்தோடு தூங்கியவருக்குத் தெரியாது.

அன்று மதியம் முழுக்க ஆபரேஷன். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே புதியதற்கு நகல் எடுத்தோம். பெரிய டிஸ்க் இருந்த இடத்தில் இந்தச் சின்னது தொளதொளவென்று ஆடியது. திருகாணி எட்டவில்லை. குமரேசன் டபுள் சைடு டேப்பை எடுத்து ஒட்டிவிட்டான். மலையில் எல்லாவற்றுக்கும் ஒரு டேப் இருக்கிறது.

"இப்ப அமுக்குடா" என்றேன்.

அமுக்கினான். பழக்க தோஷத்தில் டீ குடிக்கத் திரும்பினான். திரை வந்துவிட்டது!

"அண்ணே... இன்னாண்ணே இது? நான் வாசப்படியே தாண்டலியே!"

நான் தன்னடக்கமாகப் புன்னகைத்தேன். அந்தப் புன்னகை மறுநாள் காலை வரை நீடித்தது.

ஞாயிறு காலை, முதல் ஆளாக வந்தவர்தான் சின்னப்பொண்ணு. கூடவே அவருடைய கொழுந்தன் சடையன்.

விஷயம் இதுதான். மலையில் விளைகிற சாமையையும் மரவள்ளியையும் கீழே கொண்டுபோக மகளிர் குழு ஒரு லோடு ஆட்டோ வாங்கியிருக்கிறது. வண்டி இருக்கிறது, மூட்டைகள் இருக்கின்றன... டிரைவர்தான் இருப்பதில்லை. கீழேயிருந்து வரவேண்டியவர், தோன்றினால் வருவார். போன மாதம் மரவள்ளி மூட்டையிலேயே கறுத்துப்போனது. அன்றைக்கே சின்னப்பொண்ணு தீர்மானித்துவிட்டார் - வண்டியை நானே ஓட்டுகிறேன். கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கு இலவச டிரைவிங் பயிற்சி தருகிறார்கள். அதற்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கவேண்டும். கடைசி நாள்... அன்றைக்கு!

"ஏன் அண்ணி, வளைவுல ஆரன் அடிப்பீங்களா, இல்ல கையக் காட்டுவீங்களா?" என்றான் சடையன்.

"உன்னப் பின்னாடி மூட்டையோட குந்த வெச்சுக்கினு போவேன். வளைவு வந்தா நீயே கத்து. ஆரன் மிச்சம்!"



இங்கே அந்த ஊரின் ஏற்பாடு ஒன்றைச் சொல்லவேண்டும். குமரேசன் சென்டருக்கு இன்டர்நெட் கம்பி வழியாக வருகிறது. ஆனால் செல்போன் சிக்னல் ஊருக்குள் ஒரு துளி கிடையாது. எந்த போனும் மணி அடிக்காது. சிக்னல் வேண்டுமென்றால் சென்டருக்கு எதிரே இருக்கும் பாறையின் உச்சிக்குப் போகவேண்டும். ஆன்லைனில் எது செய்தாலும், சில நிமிடத்தில் காலாவதியாகிவிடும் ஓடிபி நம்பர் ஒன்று போனுக்கு வருமே... அது வருவது பாறை உச்சியில்!

ஆகவே குமரேசன் ஸ்விட்சைப் போட்டதும் வாசலுக்கு வந்து, "போட்டுட்டேன்!" என்று ஒரு குரல் கொடுப்பான். மனுக்காரர் போனோடு பாறை ஏறத் தொடங்குவார். பாதி வழியில் ஒருவர் நின்றுகொள்வார். கம்ப்யூட்டர் முனகி, இருமி, யோசித்து எழுவதற்குள் இவர் உச்சிக்குப் போய், வியர்வையைத் துடைத்து, பக்கத்து மலையை ஒருமுறை பார்த்திருப்பார். ஓடிபி வரும். உச்சியிலிருந்து பாதி வழிக்கு ஒரு கத்தல், பாதி வழியிலிருந்து சென்டருக்கு ஒரு கத்தல். குமரேசன் தட்டுவான். வேலை முடிந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால், யுபிஎஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்க உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுவான். அடுத்த ஆளுக்கு மறுபடி ஸ்விட்ச், மறுபடி "போட்டுட்டேன்!" இத்தனை வருஷமாக ஒருவருக்கும் ஓடிபி தவறியதில்லை.

நான் வரும் வரை!

குமரேசன் வழக்கம்போல் ஸ்விட்சைப் போட்டு, "போட்டுட்டேன்க்கா!" என்றான். சின்னப்பொண்ணு கிளம்பினார். சடையன் பாதி வழியில் நிற்கப் போனான். நான் திரையைக் காட்டி, "பார்த்தியா, பார்த்தியா" என்றேன். குமரேசனுக்கும் உற்சாகம். நம்பரைத் தட்டினான், ஓடிபி பட்டனை அழுத்தினான். வெளியே எட்டிப் பார்த்தால்... சின்னப்பொண்ணு இன்னும் பாறையின் அடிவாரத்தில், பலா மரத்தடியில் இருக்கிறார்.

அவர் உச்சிக்குப் போய், நம்பர் வந்து, கத்தி, சடையன் கத்தி, குமரேசன் தட்டியபோது திரையில் சிவப்பு எழுத்து: நேரம் முடிந்துவிட்டது.

"மெதுவா ஏறிட்டீங்கக்கா" என்றான் குமரேசன், அவர் இறங்கி வந்ததும்.

நானும் தலையை ஆட்டினேன். என் சின்னப் பெட்டி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்திருக்கிறது... மனுஷர்கள் ஒத்துழைக்க வேண்டாமா?

இரண்டாவது முறை. குமரேசன் முறைப்படி எல்லாவற்றையும் அணைத்து, முறைப்படி ஸ்விட்சைப் போட்டான். "போட்டுட்டேன்க்கா, ஓடுங்க!" அந்த ஓட்டத்தைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்னேன். பாதிப் பாறையில் செருப்பு வார் அறுந்தது. சின்னப்பொண்ணு சறுக்கி உட்கார்ந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது. அப்படியும் எழுந்து ஏறினார். நம்பரும் வந்தது. திரையில் அதே சிவப்பு எழுத்து. கீழே கூடுதலாக இன்னொரு வரி: இன்னும் ஒரு முறைதான் முயலலாம், அதுவும் தவறினால் நாளை வாருங்கள்.

நாளை விண்ணப்பமே கிடையாது.

பயிற்சி இல்லையென்றால் அந்த லோடு ஆட்டோ இன்னும் ஒரு வருஷம் டிரைவரின் தயவுக்காக நிற்கும். கூட நிற்கும் சாமை, கூட நிற்கும் மரவள்ளி. எங்கள் மூவர் முகத்திலும் சுரத்தில்லை. சடையன்தான் முதலில் வாய் திறந்தான். "போனைக் குடுங்க அண்ணி. நான் ஓடறேன்." சற்று முன் கேலி செய்தவன்! குமரேசன், "ரெண்டு பேர வெச்சு ரிலே ஓடலாம்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, "பழைய டிஸ்க்கையே மறுபடி மாட்டிடலாமா?" என்றேன்.

கவனித்தீர்களா? ஒருத்தன் இன்னும் வேகமாக ஓடுகிறேன் என்கிறான். ஒருத்தன் ஆளைக் கூட்டச் சொல்கிறான். ஒருத்தன் காலத்தையே பின்னால் திருப்பப் பார்க்கிறான். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைக்கலாம் என்று மூன்று தலைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை!

சின்னப்பொண்ணு முழங்கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் சாரு, உங்க பொட்டிக்குக் காலு கீதா?"

"இல்லைங்க."

"எழுப்பிவுட்டா எங்கனா ஓடிப்பூடுமா?"

"ஓடாதுங்க."

"அப்பால நான் எதுக்குய்யா ஓடணும்? நான் மேல போறேன். குந்தறேன். மூச்சு வாங்கிக்கறேன். வெத்தல போட்டுக்கினு 'ம்'ங்கறேன். அதுக்கு முன்னாடி எவனாவது அந்தப் பட்டன அமுக்குனீங்க..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கச் சொல்லவில்லை.

வெறுங்காலோடு, நிதானமாக ஏறினார். குமரேசன் நம்பரைத் தட்டிவிட்டு, ஓடிபி பட்டனைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டான். திரையில் கர்சர் கண்ணைச் சிமிட்டியபடி நின்றது. கம்ப்யூட்டருக்காக மனுஷர்கள் காத்திருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷிக்காகக் கம்ப்யூட்டர் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வாசலில் மூடுபனி கலைந்து, சாமைக் கொல்லை ஒவ்வொரு வரப்பாக வெளியே வந்தது. அதற்கு எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நமக்குத்தான் இந்த வியாதி. பைக் வாங்கினோம்... நடக்கிற நேரம் மிச்சமாயிற்று. மிச்சமான நேரத்தில் சும்மா உட்கார்ந்தோமா? இன்னும் இரண்டு இடத்துக்குப் போனோம். நாலு வழிச் சாலை வந்தது... சேலம் பக்கத்தில் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை போனவர்கள் வாரம் ஒருமுறை போகிறோம். வேகத்தைக் காசு கொடுத்து வாங்குவது நாம். ஆனால் வாங்கிய மறுநாளே அது நம்மை வேலைக்கு வைத்துக்கொள்கிறது!

பாறை உச்சியிலிருந்து ஏதோ கேட்டது.

"ம்... சொல்ட்டாங்க!" என்று பாதி வழியிலிருந்து சடையன் அலறினான்.

குமரேசன் பட்டனை அழுத்தினான். பிறகு எண்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. சடையன் ஒரு எண்ணைக்கூட அப்படியே விடவில்லை. "மறுக்கா சொல்லுங்க அண்ணி! தப்பாப் பூடப்போவுது! நம்ம வண்டி விசயம்!"

நம்ம வண்டி! எப்போது அது அவனுடைய வண்டியும் ஆனது?

கடைசி எண்ணையும் தட்டினான் குமரேசன். பக்கம் திறந்தது. விவரங்கள், போட்டோ, சமர்ப்பி... பச்சை எழுத்தில் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. சடையன் மூச்சிரைக்க ஓடிவந்து, "பூடுச்சா? பூடுச்சா?" என்று கேட்டு, காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

சின்னப்பொண்ணு அவசரப்படாமல் இறங்கி வந்தார். காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சாரு, ஓட்டறதெல்லாம் நான் அப்பால கத்துக்கறேன். நிறுத்தறதுக்கு எந்தக் காலு?"

வலது கால் என்றேன்... ஒரு மாதமாக ஊரெல்லாம் வேகத்தைப் பற்றிப் பேசிவருகிறேன், இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்!