மூன்றாவது அறையின் திருகு

என் அண்ணிக்குப் பட்டறையில் தட்டக்கா என்று பெயர். பழைய ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடி ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும். முடித்த பெட்டியை அதனால் தட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள்.

அவள் வேலை வடிகட்டி செய்வது. தண்ணீருக்கு இல்லை, ரேடார் அலைக்கு. அலுமினியக் கட்டியை இரண்டு பாதியாக அறுத்து, உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் குடைவார்கள். சுவர் மயிரிழை பிசகினாலும் வேண்டாத அலை உள்ளே வந்துவிடும். பிறகு வெள்ளி முலாம் பூசி, இரு பாதிகளையும் ஒரே பெட்டியாகச் சேர்த்து முடுக்கி அண்ணியிடம் கொடுப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் மேலே ஒரு திருகு. சோதனைத் திரையில் தெரியும் கோடு சரியான இடத்தில் நிற்கும்வரை அவற்றைத் திருகுவாள். அப்புறம் தட்டுவாள். கோடு துடித்தால் உள்ளே ஏதோ தளர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. இறுகிய திருகை முன்னும் பின்னும் திருகக் கூடாது. மரையிலிருக்கும் வெள்ளி நூலாக உரிந்து உள்ளே விழும். அது புரண்டு சுவரைத் தொட்டால் வேண்டிய அலையும் நின்றுபோகும். இதற்காக மற்றவர்களை வறுத்தெடுப்பவளே அண்ணிதான்.

அவள் கைபட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்ற பெருமை அவளுக்கு. எனக்கு அந்தப் பெருமை பிடிக்காது. வீட்டுச் சண்டையிலும் அவள் தோற்றுப் பார்த்ததில்லை.

ஒரு நாள் மூன்றாவது அறையின் திருகு இறுகிக்கொண்டது. பெட்டியைப் பிரித்து மறுபடி முலாமுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் தட்டக்காவின் பெட்டி திரும்பிவிட்டது என்று பட்டறை முழுக்கப் பேச்சாகும். அவள் முன்னும் பின்னும் திருகினாள். திருகு வழிக்கு வந்தது. தட்டினாள். கோடு ஒரே ஒரு தடவை துடித்தது. மறுபடி எத்தனை தடவை தட்டியும் அசையவில்லை. எட்டிப் பார்த்த மேற்பார்வையாளர், "அதான் நின்னுடுச்சே, மூடுங்க" என்றார். மூடிவிட்டாள்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்துச் சாப்பிடும்போது அண்ணன் ஒரு செய்தி சொன்னான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டி மாலுமியை ஏற்றிப்போகும் சின்னப் படகை ஓட்டுகிறவன் அவன். படகில் ரேடார் கிடையாது. மூடுபனியில் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து ஒயர்லெஸ்ஸில் சொல்கிறபடி போவான். அந்தக் கோபுரத்தில் அன்று அண்ணியின் பட்டறைப் பெட்டியை மாட்டினார்களாம்.

"இனிமே பனியில உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும்" என்று சீண்டினான். எந்தத் தொகுதிப் பெட்டி என்று மட்டும் அண்ணி கேட்டாள். அவன் சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். வழக்கமான ஊடல் என்று நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. அவ்வளவு பனி. அண்ணன் கிளம்பிப் போயிருந்தான். அண்ணி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"வண்டியை எடு தம்பி."

வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வண்டியை இன்னும் விரட்டினேன்.

கோபுரத்தில் திரை பார்ப்பவர் நல்ல மனிதர். திரையில் பெரிய புள்ளியைக் காட்டி, அதுதான் கப்பல் என்றார். அதை நோக்கி ஊர்ந்த சின்னப் புள்ளி அண்ணன். அண்ணி கேட்டதும், தட்டிப் பார்ப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பெட்டி மாட்டியிருந்த அலமாரியையும் திறந்து காட்டினார்.

அண்ணி தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். இரண்டு புள்ளிகளும் அழிந்தன.

ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. அவள் இன்னொரு தட்டு தட்ட, புள்ளிகள் திரும்பி வந்தன. இடையில் இருந்த தூரம் பாதியாகக் குறைந்திருந்தது.

"அதான் வந்துடுச்சே" என்றார் திரை பார்ப்பவர்.

அண்ணி அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"நான்தான் பேசறேன். திரும்பி வந்துடுங்க. இந்தப் பெட்டியை நம்பாதீங்க, நான்தான் கெடுத்தேன்."

அண்ணன் வழக்கம்போல் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். கப்பலின் ஊதல் ஒயர்லெஸ்ஸில் மிக அருகில் கேட்டது.

"எந்தப் பக்கம் திருப்பட்டும்? எனக்கு ஒண்ணும் தெரியல."

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். இப்போது யாரும் தட்டவில்லை. ஆனாலும் புள்ளிகள் இல்லை.